முந்துதலும் முன்னிற்றலும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டுகளாகக் கவிதையும் கதையும் பேசிவந்த இந்த அவையில், எனக்கு அளிக்கப்பட்டிருக்கும் பொருள் சற்றே வேற்று நிலத்துப் பயிர். விரைந்து வளர்கின்ற ஒரு நாடு நாளை உலகிற்குத் தலைமை ஏற்குமா என்பதை எவ்வாறு கணிப்பது? இது பொருளியல் அறிஞர்க்குரிய வினாவன்றோ, புலவர்க்கு இதில் என்ன பங்கு என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் இயல்பானதே. ஆயினும் கடந்த நூற்றிருபது ஆண்டுகளுக்குள் ஒரே நாட்டைக் குறித்து இக்கணிப்பு இருமுறை நிகழ்ந்திருக்கிறது. ஒருமுறை கணித்தவர் ஒரு கவிஞர். மறுமுறை கணித்தவர்கள் புள்ளிவிவரங்களில் தேர்ந்த அறிஞர்கள். கவிஞர் சொன்னது பலித்தது. அறிஞர் சொன்னது பொய்த்தது. அந்த நாடு ஜப்பான். அதன் கதையை இன்று உங்கள் முன் வைத்து, அதிலிருந்து நமக்குக் கிடைக்கும் அளவுகோல் எது என்று பார்ப்பதே என் நோக்கம்.

முதலில் இரு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். முந்துதல் ஒன்று, முன்னிற்றல் மற்றொன்று. ஓட்டப் பந்தயத்தில் முந்துகிறவனுக்கு அவன் கால்களே போதும். ஏரிக்கரை உடைந்த இரவில் ஊரைத் திரட்டி முன்னிற்பவனுக்கோ மற்றவர்களின் இசைவு வேண்டும். மண்வெட்டியோடு அவன் பின்னால் பத்துப்பேர் வரவேண்டும். முந்துதலை அளப்பதற்குக் கடிகாரம் உண்டு. முன்னிற்றலை அளப்பதற்கு என்ன உண்டு?

1853ஆம் ஆண்டு அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெரியின் நான்கு கப்பல்கள் ஜப்பானியக் கடலோரத்தில் வந்து நின்றபோது, அந்நாட்டிடம் அவற்றை எதிர்க்கத்தக்க ஒரு பீரங்கிக் கப்பல்கூட இல்லை. 1868இல் மெய்சி ஆட்சி மலர்ந்தது. பள்ளிகள், இருப்புப்பாதைகள், ஆலைகள், படைகள் என்று ஒரு தலைமுறைக்குள் அந்நாடு உருமாறியது. 1905ஆம் ஆண்டு மே மாதம் சூசிமா நீரிணையில் உருசியப் பேரரசின் கப்பற்படையை அது முறியடித்தபோது ஆசியாக் கண்டமே நிமிர்ந்து உட்கார்ந்தது. வெள்ளையர் வெல்லப்பட முடியாதவர் என்ற நம்பிக்கை அன்று உடைந்தது. சிறுவராயிருந்த சவகர்லால் நேரு அப்போர்ச் செய்திகளுக்காக ஆவலுடன் காத்திருந்ததைத் தம் தன்வரலாற்றில் குறிப்பிட்டிருக்கிறார்.

அன்றைய ஆசியாவின் இளைஞர்கள் டோக்கியோவை நோக்கி நடந்தார்கள். சீனத்திலிருந்து மட்டும் ஆயிரக்கணக்கான மாணவர்கள் சென்றனர். பிற்காலத்தில் நவீன சீன இலக்கியத்தின் தந்தை எனப் போற்றப்பட்ட லூ சுன் அவர்களுள் ஒருவர். செண்டாய் நகரில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்த அவர், ஒரு சீனர் கொல்லப்படுவதையும் பிற சீனர்கள் அதை வெறித்து நின்று பார்ப்பதையும் வகுப்பில் காட்டிய நிழற்படத்தில் கண்டு, மருத்துவத்தை விட்டு இலக்கியத்திற்கு வந்ததை அவரே எழுதியிருக்கிறார். வியட்நாமிலிருந்து பான் போய் சௌ என்ற விடுதலை வீரர் 1905இல் ஜப்பான் சென்றார். பிரெஞ்சு ஆட்சியிலிருந்து தம் நாட்டை மீட்கும் வழியை அங்கே கற்கலாம் என்று நம்பி, இளைஞர் பலரையும் வரவழைத்தார்.

இவர்களை யாரும் பணித்து அனுப்பவில்லை. ஜப்பான் இவர்களை வென்று இழுத்துச் செல்லவும் இல்லை. தாமாக நம்பி வந்தார்கள். ஒரு நாட்டிற்குத் தலைமை என்பது இப்படித்தான் வந்து கதவைத் தட்டுகிறது. கதவைத் திறந்தவர் என்ன செய்தார் என்பதே அடுத்த செய்தி.

1907இல் ஜப்பான் பிரான்சு நாட்டோடு உடன்படிக்கை செய்துகொண்டது. பிரெஞ்சு அரசின் வற்புறுத்தலுக்கு இணங்கி வியட்நாமிய மாணவர்கள் வெளியேற்றப்பட்டனர். 1909இல் பான் போய் சௌவும் வெளியேற நேர்ந்தது. 1910இல் கொரியா ஜப்பானோடு இணைத்துக்கொள்ளப்பட்டது. 1915இல் சீனத்தின் முன் 21 கோரிக்கைகள் நீட்டப்பட்டன. நம்பி வந்த விருந்தினரையும் அண்டை வீட்டாரையும் ஒரு நாடு எப்படி நடத்தியது என்பதற்கு இந்த எட்டாண்டுகள் போதிய சான்று. ஆனால் அதே எட்டாண்டுகளில் ஜப்பானின் ஆலைகள் பெருகின, ஏற்றுமதி பெருகியது. கணக்கேட்டை மட்டும் பார்த்தவர்க்கு எல்லாம் நலமாகவே தோன்றியிருக்கும்.

இந்நிலையில்தான் 1916ஆம் ஆண்டு இரவீந்திரநாத தாகூர் ஜப்பானுக்குச் சென்றார். நோபல் பரிசு பெற்று மூன்றாண்டுகளே ஆகியிருந்தன. டோக்கியோ நிலையத்தில் பெருங்கூட்டம் திரண்டு வரவேற்றது. அந்நாட்டின் அழகுணர்வையும் எளிமையையும் அவர் மனமாரப் புகழ்ந்தார். புகழ்ந்த அதே நாவினால், மேலைநாட்டுத் தேசியவெறியை இந்நாடு படியெடுத்துக் கொண்டிருக்கிறது, அது இதன் ஆன்மாவையே தின்றுவிடும் என்று மேடையில் எச்சரித்தார். கைதட்டல் ஓய்ந்தது. தோற்றுப்போன நாட்டின் கவிஞர் வேறு எப்படிப் பேசுவார் என்று சிலர் எள்ளினர். அவர் கப்பலேறியபோது வழியனுப்ப வந்தவர்கள் மிகச் சிலரே.

தாகூரிடம் அன்று ஜப்பானின் எஃகு உற்பத்திக் கணக்கு இல்லை. அவர் பார்த்தது வேறு. வலிமை பெற்ற ஒருவன் தன்னினும் எளியவனிடம் எந்தக் குரலில் பேசுகிறான் என்பதைக் கேட்டார். கவிஞரின் செவி அதற்குப் பழகியது. குரலில் ஏறிய செருக்கை அவர் கேட்டுவிட்டார்.

அதே 1916இல் நம் பாரதியாரும் ஜப்பானைப் பற்றி எழுதினார் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. கல்கத்தாவின் 'மாடர்ன் ரிவ்யூ' இதழில் வெளிவந்த யோனே நொகுச்சி என்ற ஜப்பானியக் கவிஞரின் மடலை எடுத்துக்கொண்டு, ஜப்பானியக் கவிதையின் சுருக்கத்தையும் செறிவையும் 'சுதேசமித்திர'னில் தமிழர்க்கு அறிமுகம் செய்தார். இன்று நம் வட்டத்தில் ஹைக்கூ எழுதாத இளங்கவிஞரே இல்லை எனலாம். அந்த வடிவத்தை எந்தப் படையும் நம்மீது திணிக்கவில்லை. எந்தக் கடன் ஒப்பந்தத்தின் நிபந்தனையாகவும் அது வரவில்லை. நல்லதென்று கண்டு நாமே எடுத்துக்கொண்டோம். ஒரு நாட்டின் தலைமை உண்மையில் வேர்விடும் இடம் இதுவே. மெய்சி காலம் கண்ட வியப்பான தொழில் வளர்ச்சியைக் காட்டிலும் மூன்றே வரிக் கவிதை நெடுந்தொலைவு பயணம் செய்திருக்கிறது.

1919ஆம் ஆண்டின் இரு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்துப் பாருங்கள். பாரிசு அமைதி மாநாட்டில், இனவேறுபாடின்றி எல்லா நாட்டு மக்களையும் சமமாக நடத்தவேண்டும் என்ற கோட்பாட்டைச் சர்வதேச சங்கத்தின் சாசனத்தில் சேர்க்கவேண்டும் என ஜப்பான் வாதாடியது. வாக்களித்தோரில் பெரும்பான்மையோர் ஆதரித்தும், ஒருமித்த இசைவு இல்லை என்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வில்சன் அதைத் தள்ளினார். ஜப்பான் கேட்டது நியாயம், மறுத்தது அநியாயம். ஆனால் அதே ஆண்டு மார்ச்சு முதல் நாளில் கொரிய மக்கள் தங்கள் விடுதலையைக் கேட்டுத் தெருவில் இறங்கியபோது, அவர்களை ஜப்பானியப் படை கொடுமையாக ஒடுக்கியது. மேலே இருப்பவனிடம் சமத்துவம் கேட்கும் வாய், கீழே இருப்பவனுக்கு அதை மறுக்கிறது. இத்தகைய வாய்க்கு உலகம் செவிகொடுக்குமா?

1938இல் தாகூருக்கும் நொகுச்சிக்கும் இடையே மடல்கள் பறந்தன. பாரதியார் போற்றிய அதே நொகுச்சி. சாந்திநிகேதனில் தாகூரின் விருந்தினராயிருந்தவர். சீனத்தின்மீது ஜப்பான் நடத்திய போர் ஆசியாவை ஆசியர்க்கே மீட்டுத்தரும் போர் என்று அவர் நியாயம் கற்பித்தார். தாகூர் நட்பை மதித்தார், நியாயத்தை ஏற்கவில்லை. கவிஞர் ஒருவர் அரசின் குரலாக மாறும்போது என்ன இழக்கிறார் என்பதையும் இம்மடல்கள் காட்டுகின்றன. எனவே கவிஞர் எல்லாரும் நல்ல நடுவர் என்று நான் சொல்ல வரவில்லை. தாகூரும் கவிஞர்; நொகுச்சியும் கவிஞர். ஒருவர் எளியவர் பக்கம் நின்று பார்த்தார். மற்றவர் வலியவர் பக்கம் நின்று பார்த்தார்.

இதன் முடிவைத் தமிழினம் தன் உடம்பிலேயே கண்டது. 1942இல் மலேயா ஜப்பானியர் வசமாயிற்று. ஆசியா ஆசியர்க்கே என்ற முழக்கம் எங்கும் ஒலித்தது. அதை நம்பித் தோட்டத் தமிழர் பலர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து தாய்நாட்டின் விடுதலைக்காகத் துப்பாக்கி ஏந்தினர்; அவர்களின் ஈகம் போற்றுதற்குரியது. அதே தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம்–பர்மா இருப்புப்பாதை அமைக்கக் கொண்டுசெல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. காலராவிலும் பசியிலும் மாண்ட ஆசியத் தொழிலாளர்களின் தொகையை இன்றுவரை சரியாக எண்ணிச் சொல்ல முடியவில்லை. போர்க் கைதிகளின் கல்லறைகளுக்குப் பெயர்ப்பலகை உண்டு. நம்மவர் பெரும்பாலோர்க்கு அதுவும் இல்லை. 1905இல் ஆசியா ஜப்பானிடம் ஒப்படைத்த நம்பிக்கை இவ்வாறு அந்தக் காட்டுப் பாதையில் புதைந்தது.

இனி இரண்டாம் முறை. 1945இல் அந்நாடு சாம்பலாகக் கிடந்தது. பத்தாண்டுகளில் எழுந்து நின்றது. 1960இல் தலைமை அமைச்சர் இக்கேதா, பத்தாண்டுகளில் நாட்டு வருமானத்தை இருமடங்காக்கும் திட்டத்தை அறிவித்தார். அதற்கு முன்பே அது இருமடங்கானது. 1964இல் ஒலிம்பிக் விளையாட்டும் அதிவிரைவு ரயிலும் வந்தன. 1968இல் மேற்கு செருமனியை முந்தி, முதலாளித்துவ நாடுகளுள் அமெரிக்காவுக்கு அடுத்த இடத்தை அடைந்தது. அதே ஆண்டில்தான் யசுனாரி கவபத்தாவுக்கு இலக்கிய நோபல் பரிசு கிடைத்தது என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

கணிப்பாளர்கள் கிளம்பினர். 1970இல் எர்மன் கான் என்ற அமெரிக்க அறிஞர் ஜப்பான் ஒரு வல்லரசாக உருவெடுக்கிறது என்று நூல் எழுதினார். 1979இல் ஆர்வர்டு பேராசிரியர் எசுரா வோகல், ஜப்பானே முதலிடத்துக்குரிய நாடு என்ற பொருள்படும் தலைப்பில் எழுதிய நூல் அந்நாட்டில் பெருவிற்பனை கண்டது. 1989இல் சோனி நிறுவனம் கொலம்பியா திரைப்பட நிறுவனத்தை வாங்கியது. மிட்சுபிசி நிறுவனம் நியூயார்க்கின் இராக்பெல்லர் மையத்தில் பெரும்பங்கை வாங்கியது. அவ்வாண்டு திசம்பர் 29ஆம் நாள் டோக்கியோ பங்குச் சந்தையின் நிக்கெய் குறியீடு 38,915 புள்ளிகளைத் தொட்டது. நடந்த பாதையை அளந்து, அதே வேகத்தில் கோட்டை நீட்டினால் எங்கே போய்ச் சேரும் என்று பார்ப்பதே அன்றைய கணிப்பாளர் பலரின் முறையாக இருந்தது. பத்து வயதுச் சிறுவன் ஆண்டுக்கு மூன்று விரற்கடை வளர்கிறான் என்பதால், நாற்பது வயதில் அவன் தென்னைமர உயரம் இருப்பான் என்று சொல்வது போன்றது இது.

அடுத்த ஆண்டே சந்தை சரிந்தது. நிலத்தின் விலை ஏறிக்கொண்டே இருக்கும் என்று நம்பிக் கொடுத்த கடன்கள் வராக்கடன்களாயின. வங்கிகள் அவற்றை ஆண்டுக்கணக்கில் மறைத்தன. 1997 நவம்பரில், நூறாண்டு கண்ட யமாயிச்சி நிறுவனம் மறைத்து வைத்திருந்த நட்டம் வெளிப்பட்டு வீழ்ந்தது. 1989இல் தொட்ட உயரத்தை நிக்கெய் குறியீடு மீண்டும் தாண்டுவதற்கு 2024 பிப்ரவரி வரை, 34 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. 2010இல் சீனம் ஜப்பானை முந்தியது. 2023இல் செருமனியும் முந்தியது.

வளர்ச்சி நின்றதனால்தான் தலைமை வரவில்லை என்று சிலர் கூறுவர். நான் அதை முழுமையாக ஏற்கவில்லை. பணம் நிறைந்திருந்த நாளிலேயே தலைமை வரவில்லை என்பதற்கு இரு நிகழ்ச்சிகள் சான்று. 1991 வளைகுடாப் போருக்கு ஜப்பான் 1,300 கோடி டாலர் கொடுத்தது. போர் முடிந்ததும் குவைத்து அரசு தனக்கு உதவிய நாடுகளுக்கு நன்றி தெரிவித்து அமெரிக்க நாளிதழில் வெளியிட்ட விளம்பரத்தில் ஜப்பானின் பெயர் இல்லை. பணம் கொடுத்தவன் பெயர் மொய் நோட்டில்கூட ஏறவில்லை. 1997இல் தாய்லாந்தில் தொடங்கிய நிதி நெருக்கடி இந்தோனேசியா, கொரியா என்று பரவியபோது, ஆசியாவுக்கெனத் தனி நிதியம் ஒன்றை 10,000 கோடி டாலரில் அமைக்க ஜப்பான் முன்மொழிந்தது. அமெரிக்கா எதிர்த்தது, சீனம் ஆதரிக்கவில்லை. ஜப்பான் எதிர்த்து நிற்காமல் திட்டத்தைக் கைவிட்டது. முன்னிற்கும் வேளை வாசலில் வந்து நின்றது. காலெடுத்து வைக்கும் துணிவு இல்லை.

ஆயினும் இக்கதைக்கு மூன்றாம் பகுதி ஒன்று உண்டு. அதைச் சொல்லாவிட்டால் ஜப்பானுக்கு அநீதி இழைத்தவனாவேன். 1974 சனவரியில் தலைமை அமைச்சர் தனகா தென்கிழக்காசியாவிற்குச் சென்றபோது பாங்காக்கில் மாணவர்கள் அவருக்கு எதிராகத் திரண்டனர். சகார்த்தாவில் பெருங்கலவரமே வெடித்தது. படையால் முன்பு பிடித்ததைப் பணத்தால் இப்போது பிடிக்கிறார்கள் என்பதே அம்மக்களின் சினம். அச்சினத்தை ஜப்பான் செவிமடுத்தது. 1977இல் தலைமை அமைச்சர் புக்குதா மணிலாவில் பேசியபோது, இனி இராணுவ வல்லரசாகப் போவதில்லை, இந்நாடுகளோடு சமநிலையில் நெஞ்சு கலந்து பழகுவோம் என்று உறுதி கூறினார். பிறகு சாலையும் பாலமும் மருத்துவமனையும் கட்டுவதற்கு நீண்டகாலக் கடன்கள் சென்றன. 1998இல், நெருக்கடியில் சிக்கிய நாடுகளுக்கென 3,000 கோடி டாலர் திட்டத்தை அறிவித்தது. சென்னை மெட்ரோ ரயிலின் முதற்கட்டத்திற்கான செலவில் பெரும்பகுதி ஜப்பானியக் கடனாக வந்ததே. 2017இல் அமெரிக்கா பசிபிக் வணிக உடன்படிக்கையை விட்டு விலகியபோது, எஞ்சிய பதினொரு நாடுகளையும் சிதறாமல் சேர்த்து 2018இல் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்ததில் ஜப்பானின் பங்கு பெரிது.

இதன் விளைவு வியப்பூட்டுவது. சிங்கப்பூரிலுள்ள தென்கிழக்காசிய ஆய்வு நிறுவனம் 2019 முதல் இவ்வட்டாரத்தின் அறிஞர், அலுவலர், வணிகர் முதலியோரிடம் கருத்தாய்வு நடத்திவருகிறது. பொருளாதாரச் செல்வாக்கு மிக்க நாடு எது என்றால் பெரும்பாலோர் சீனம் என்கின்றனர். உலக நன்மைக்காக நேர்மையாக நடந்துகொள்ளும் என்று எந்த நாட்டை நம்புகிறீர்கள் என்றால், பெரிய நாடுகளுள் ஜப்பானுக்கே தொடர்ந்து முதலிடம் கிடைத்திருக்கிறது. படைகளோடு வந்த காலத்திலும் பணமூட்டையோடு வந்த காலத்திலும் கிடைக்காத நம்பிக்கை, பந்தயத்தில் பின்தங்கிய பிறகு கிடைத்திருக்கிறது. நம்பிக்கை மட்டுமே தலைமை ஆகிவிடாது, தோள்வலியும் வேண்டும். ஆனால் தோள்வலியை இருபது முப்பது ஆண்டுகளில் திரட்டிவிட முடிகிறது. நம்பிக்கையைத் திரட்டவோ அதனினும் நெடுங்காலம் ஆகிறது.

அமெரிக்காவின் வரலாறும் இதையே உணர்த்துகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியுமுன்பே அந்நாடு பிரிட்டனை உற்பத்தியில் முந்திவிட்டது. ஆனால் 1930இல் உலகமே சந்தையின்றித் தவித்தபோது, அது தன் இறக்குமதி வரிகளை உயர்த்தி வாசலைச் சாத்திக்கொண்டது. அப்பெருமந்தம் அவ்வளவு ஆழமாகப் போனதற்குக் காரணம், தலைமை தாங்க பிரிட்டனுக்கு ஆற்றல் இல்லை, அமெரிக்காவுக்கு மனம் இல்லை என்பதே என்று சார்லசு கிண்டில்பெர்கர் 1973இல் எழுதினார். 1944இல் பிரெட்டன் உட்சு மாநாட்டிலும், 1947இல் அறிவித்த மார்சல் திட்டத்திலும்தான் அந்த மனம் வந்தது. முந்தியதற்கும் முன்னின்றதற்கும் இடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்தது. வந்த மனம் என்றும் நிலைத்திருக்கும் என்பதற்கும் உறுதி இல்லை.

இவற்றிலிருந்து மூன்று கேள்விகளைத் திரட்டிக்கொள்ளலாம். முதலாவது: அந்நாடு தன்னினும் எளிய அண்டை நாட்டாரையும் நம்பி வந்தோரையும் எவ்வாறு நடத்துகிறது? இரண்டாவது: பிறர் நெருக்கடியில் விழும்போது, தனக்கு இழப்பு நேர்ந்தாலும் கைகொடுக்கிறதா? மூன்றாவது: தன் குறையைத் தானே எண்ணிப் பார்க்கவும், பிறர் சொல்லக் கேட்கவும் அதற்கு இயல்கிறதா?

இன்று எல்லாரும் கேட்பது சீனத்தைப் பற்றி. 1978இல் தொடங்கிய சீர்திருத்தத்திற்குப் பின் நாற்பதாண்டுகளில் ஏறத்தாழ 80 கோடி மக்களைக் கொடிய வறுமையிலிருந்து அந்நாடு மீட்டிருப்பதாக உலக வங்கி கணக்கிட்டிருக்கிறது. மனித வரலாற்றில் இதற்கு ஒப்பில்லை; இதைச் சிறுமைப்படுத்துவோர் பசியை அறியாதவர். உலக ஆலை உற்பத்தியில் ஏறத்தாழ 30 விழுக்காடு அங்கே நடைபெறுகிறது. ஆனால் உலக நாடுகள் அவசரத்திற்கென வைத்திருக்கும் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் சீன நாணயத்தின் பங்கு 2024இல் 2 முதல் 3 விழுக்காடுதான். அதன் பொருள்களை வாங்குகிறார்கள்; தம் சேமிப்பை அதனிடம் ஒப்படைக்கத் தயங்குகிறார்கள்.

நம் மூன்று கேள்விகளையும் கேட்போம். 2016இல் பிலிப்பைன்சு தொடுத்த வழக்கில், தென்சீனக் கடல் பற்றி நடுவர் தீர்ப்பாயம் அளித்த தீர்ப்பைச் சீனம் ஏற்கவில்லை. ஈரானையும் சவூதி அரேபியாவையும் 2023 மார்ச்சில் பெய்சிங்கில் கைகுலுக்க வைத்தது, அது பாராட்டத்தக்கது. இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017இல் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் சென்றது. 2022இல் அத்தீவு கடனைக் கட்ட இயலாமல் தவித்தபோது, கடனைச் சீரமைக்க இந்தியாவின் உறுதிமொழி 2023 சனவரியில் வந்தது. சீனத்தினுடையது மார்ச்சில்தான் நிறைவாக வந்தது. ஒரு நேர்மையும் வேண்டும்: இலங்கையின் கடனில் பெரும்பங்கு சீனத்தினுடையதன்று, மேலைநாட்டுச் சந்தைகளில் விற்ற பத்திரங்களே அதிகம். இனி மூன்றாம் கேள்வி. 2023 ஆகத்தில், வேலையற்ற இளைஞரின் விழுக்காட்டை வெளியிடுவதை அந்நாடு நிறுத்தியது; சில மாதங்கள் கழித்துக் கணக்கிடும் முறையை மாற்றி மீண்டும் வெளியிட்டது. யமாயிச்சியின் கதையை அறிந்தவர்க்கு இது கவலை தரும்.

பிறர் வீட்டை அளந்த கோலால் நம் வீட்டையும் அளப்பதே முறை. இந்தியா 2022இல் பிரிட்டனைப் பொருளாதார அளவில் முந்தியது. வல்லரசு என்ற சொல் நம் மேடைகளில் தாராளமாகப் புழங்குகிறது. ஆனால் 2024இல் நம் ஆள்வீத வருமானம் ஆண்டுக்குச் சுமார் 2,700 டாலர்தான். 2022இல் இலங்கைக்கு ஏறத்தாழ 400 கோடி டாலர் அளவுக்குக் கைகொடுத்தோம். முன்னிற்றலுக்கு அது நல்ல தொடக்கம். 2021 சனவரியில் அயல்நாடுகளுக்குத் தடுப்பூசி அனுப்பினோம். சில மாதங்களில் பெருந்தொற்றின் இரண்டாம் அலை நம்மைத் தாக்கியதும் அனுப்புவதை நிறுத்தினோம். முதல் ஊசி போட்டுக்கொண்ட நேபாளத்தாரும் வங்கதேசத்தாரும் இரண்டாம் ஊசிக்குக் காத்திருந்தனர். நம் மக்கள் மூச்சுத் திணறிய வேளையில் வேறென்ன செய்வது என்று கேட்கலாம், கேள்வி நியாயமானதே. ஆனால் தலைமை அத்தகைய வேளையில்தான் அளக்கப்படுகிறது என்பதும் உண்மையே. 2021இல் எடுத்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் உரிய காலத்தில் நடைபெறவில்லை. தன்னை எண்ணிப் பார்க்கத் தவணை கேட்கும் நாடு, உலகை வழிநடத்த அவசரப்படலாகாது.

சீனம் தலைமை ஏற்குமா, இந்தியா ஏற்குமா என்று ஆருடம் கூற நான் வரவில்லை. கோட்டை நீட்டிப் பார்த்தவர்கள் பட்டபாட்டை இப்போதுதான் சொன்னேன். ஒன்று மட்டும் துணிந்து கூறுவேன். வளர்ச்சி விழுக்காடு ஒரு நாட்டின் ஆற்றலைச் சொல்லும். அவ்வாற்றல் யாருக்கு நிழலாகும், யாருக்குச் சுமையாகும் என்பதை அதன் ஓரத்தில் வாழ்பவரே சொல்ல முடியும். 1910இல் கொரியரைக் கேட்டிருந்தால், 1909இல் பான் போய் சௌவைக் கேட்டிருந்தால், 1942ஆம் ஆண்டு முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

அவர்கள் சொல்வதைக் கேட்பது எப்படி? இங்கேதான், கவிஞர் பெருமக்களே, உங்கள் பணி வருகிறது. ஓரத்தில் வாழ்வோரின் குரல் அரசு அறிக்கைகளில் வருவதில்லை. அவர்களின் பாட்டிலும் கதையிலும் வருகிறது. பெரிய நாடுகளின் புகழ்பெற்ற எழுத்தாளர்களை நாம் விரும்பி மொழிபெயர்க்கிறோம், நல்லது. இனி வரும் பத்தாண்டில் கொரியரும் வியட்நாமியரும் திபெத்தியரும் நேபாளியரும் எழுதுவதையும் தேடிப் பிடியுங்கள். சயாம் பாதையில் மாண்ட நம்மவரின் வாய்மொழிப் பாடல்கள் எஞ்சியிருந்தால் மலேசிய நண்பர்களோடு சேர்ந்து தொகுத்து வையுங்கள். நம் நாட்டின் எல்லையோர மொழிகளில் என்ன பாடுகிறார்கள் என்பதையும் காதுகொடுத்துக் கேளுங்கள்; அதில் நம்மைப் பற்றிய கசப்பு இருந்தால் அதையும் அப்படியே தமிழில் கொண்டுவாருங்கள். அந்த ஏடுகளை நம் வட்டத்தின் இருபதாம் ஆண்டு மலரில் படிப்பவர்கள், எந்த நாடு முன்னிற்கத் தக்கது என்பதை என்னைக் காட்டிலும் தெளிவாகச் சொல்வார்கள்.